ஆங்கில வாக்கியத்தில் சொற்றொடரை எங்கே வைப்பது? பொருள் தடம் மாறாமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

"த மேனேஜர் டோல்ட் மீ டு சப்மிட் த ரிப்போர்ட் ஆன் மண்டே."

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பிழை திருத்தும் மென்பொருளில் போட்டாலும் சிவப்புக் கோடு விழாது. ஆனால் திங்கட்கிழமை நடந்தது, அல்லது நடக்க வேண்டியது, எது? மேலாளர் சொன்ன நாளா, அறிக்கை கொடுக்க வேண்டிய நாளா? எழுதியவர் ஒன்றை நினைத்திருப்பார், படித்தவர் மற்றதை எடுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை காலையில்தான் குட்டு வெளிப்படும்.

ஆங்கிலம் எழுதப் பழகுகிறவர்கள் டென்ஸுக்கும் ஸ்பெல்லிங்குக்கும் ஆர்ட்டிகிளுக்கும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். சொற்றொடர், அதாவது ஃபிரேஸ், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதற்குக் காரணம் நம் மொழிப் பழக்கம். தமிழில் உருபு பேசும். "நாய் பூனையைத் துரத்தியது", "பூனையை நாய் துரத்தியது", இரண்டிலும் ஓடியது பூனைதான். சொல் எங்கே போனாலும் "ஐ" கூடவே போகிறது. ஆங்கிலத்தில் நாயையும் பூனையையும் இடம் மாற்றினால் நாய் ஓட வேண்டியதாகிவிடும். அங்கே இடம்தான் உருபு.

கீழே உள்ள படிகளை எண் வரிசைப்படியே செய்யுங்கள். காற்புள்ளி ஆறாவதாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பலர் முதலில் காற்புள்ளியைத் தூவிப் பார்க்கிறார்கள். தப்பான இடத்தில் இருக்கும் சொற்றொடரைக் காற்புள்ளி சரிசெய்யாது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு தாள், ஒரு பென்சில், நீங்கள் எழுதி முடித்த ஆங்கில வரைவு. இந்த வேலையை முடித்த வரைவில்தான் செய்ய வேண்டும். எழுதும்போதே இடம் பார்த்துக்கொண்டிருந்தால் எழுத்து நின்றுவிடும்.

அடுத்தது முக்கியம். சிக்கலாகத் தோன்றும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீங்கள் சொல்ல வந்ததைத் தமிழில் ஒரே வரியில் எழுதி வையுங்கள். "திங்கட்கிழமைக்குள் அறிக்கை வேண்டும் என்று மேலாளர் சொன்னார்." இதுதான் அளவுகோல். இது இல்லாமல் ஆங்கில வாக்கியத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், மனதில் இருக்கும் பொருளையே திரும்பத் திரும்பப் படிப்பீர்கள். தாளில் இருக்கும் பொருள் கண்ணுக்குப் படாது.

வாக்கியத்தின் முதன்மை வினையைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற இலக்கணப் பெயர்கள் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எடுத்துக்காட்டுகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். செய்து பார்க்கும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. எலும்பை முதலில் பிரியுங்கள்

யார், என்ன செய்தார், எதை. இந்த மூன்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். மீதி எல்லாம் அதில் தொங்கும் சொற்றொடர்கள்.

"த கிளார்க் கேவ் த ஃபார்ம் டு த அப்ளிகண்ட் வித் த ராங் டேட்."

எலும்பு: கிளார்க், கேவ், ஃபார்ம். தொங்குவன இரண்டு: "டு த அப்ளிகண்ட்", "வித் த ராங் டேட்". ஒவ்வொன்றையும் ஒரு பெட்டிக்குள் அடையுங்கள். பெட்டி போடுவது எதற்கென்றால், இடம் மாறும்போது பெட்டி முழுசாக நகர வேண்டும். "வித்" ஒரு பக்கமும் "டேட்" ஒரு பக்கமும் பிரிந்து போகக் கூடாது.

புதியவர்கள் இங்கே தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: "டு" வரும் பெட்டியையும் "வித்" வரும் பெட்டியையும் சேர்த்து ஒரே நீளப் பெட்டியாகப் போட்டுவிடுவார்கள். முன்னிடைச்சொல், அதாவது பிரெபொசிஷன், ஒவ்வொன்றும் ஒரு புதுப் பெட்டியைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சேர்க்க வேண்டியிருந்தால் சேர்க்கலாம்.

3. ஒவ்வொரு பெட்டியும் யாருடைய கையைப் பிடித்திருக்கிறது?

பெட்டியிலிருந்து அம்புக்குறி ஒன்று போடுங்கள். அது ஒரு பெயரைக் குறிக்கிறதா, வினையைக் குறிக்கிறதா? பெயர் என்றால் எந்தப் பெயர், வினை என்றால் எந்த வினை?

இப்போது படிப்பவர் போடும் அம்புக்குறியை யோசியுங்கள். ஆங்கிலம் படிப்பவர், பொருள் இடித்தாலொழிய, தொங்கும் சொற்றொடரைப் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதோடுதான் சேர்ப்பார். நம் கிளார்க் வாக்கியத்தில் "தப்பான தேதி" ஒட்டியிருப்பது விண்ணப்பதாரரோடு. எழுதியவர் நினைத்தது படிவத்தை. உங்கள் அம்பும் படிப்பவர் அம்பும் வெவ்வேறு பக்கம் போனால் அந்தப் பெட்டி நகர வேண்டியது.

இன்னொன்று: "த போலீஸ் சேஸ்ட் த தீஃப் ஆன் அ மோட்டார்சைக்கிள்." வண்டியில் இருந்தவர் யார்? தமிழில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. "மோட்டார் சைக்கிளில் போன திருடனைப் போலீஸ் துரத்தியது" என்றால் வண்டி திருடனுடையது. "போன" என்ற பெயரெச்சம் அதைப் பூட்டிவிடுகிறது. "ஆன்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பூட்டு இல்லை. அது பெயரையும் பிடிக்கும், வினையையும் பிடிக்கும். "வித்", "இன்", "ஆன்", "ஃபார்", "ஃப்ரம்" எல்லாமே இப்படி இரண்டு பக்கமும் கை நீட்டும் சொற்கள். "ஆஃப்" மட்டும் கொஞ்சம் ஒழுங்கு. அது பெரும்பாலும் முன்னால் உள்ள பெயரோடு நின்றுகொள்ளும்.

"விச்" வரும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். "த ஃபைல் ஆன் த டேபிள் விச் இஸ் டேமேஜ்ட்." சேதமானது கோப்பா, மேசையா? கோப்புகள் பல என்றால் "விச் ஆர்" என்று எழுதும்போது பன்மை வினை காட்டிக்கொடுத்துவிடும், மேசை ஒன்றுதானே. ஒருமையும் ஒருமையும் மோதும்போது அந்த உதவி கிடைக்காது. "த டேமேஜ்ட் ஃபைல் ஆன் த டேபிள்" என்று ஒரு சொல்லாக்கி முன்னால் வைத்துவிட்டால் தகராறு தீர்ந்தது.

4. பெட்டியை நகர்த்துங்கள்: மூன்று வழி, இந்த வரிசையில்

முதல் வழி, உரியவர் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. செலவு குறைவு, வேறு எதையும் தொட வேண்டாம்.

"த கிளார்க் கேவ் த அப்ளிகண்ட் த ஃபார்ம் வித் த ராங் டேட்."

"டு"-வை எடுத்துவிட்டு வாங்கியவரை முன்னால் போட்டோம். படிவமும் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. கிவ், செண்ட், ஷோ, லெண்ட் போன்ற வினைகளுக்கு இந்த உத்தி நடக்கும். எக்ஸ்பிளெயின், ரிட்டர்ன், சஜஸ்ட் ஆகியவற்றுக்கு நடக்காது. "எக்ஸ்பிளெயின் மீ த ரூல்" என்று எழுதுகிறார்கள், தவறு. "எக்ஸ்பிளெயின் த ரூல் டு மீ" என்றுதான் வர வேண்டும்.

காலத்தைக் குறிக்கும் சொற்றொடரையும் இப்படியே நகர்த்தலாம். "த மேனேஜர் டோல்ட் மீ ஆன் மண்டே டு சப்மிட் த ரிப்போர்ட்" என்றால் சொன்ன நாள் திங்கள்.

இரண்டாவது வழி, வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோவது. "ஆன் மண்டே, த மேனேஜர் டோல்ட் மீ..." தலையில் வைத்த கால, இடச் சொற்றொடர் முதன்மை வினையைப் பிடிக்கும், உள்ளே இருக்கும் இரண்டாவது வினையைப் பிடிக்காது. எனவே சொன்ன நாள் திங்கள் என்றால் இது சரி. கொடுக்க வேண்டிய நாள் திங்கள் என்றால் இந்த வழி கதையைத் தலைகீழாக்கிவிடும்.

அப்படியானால் கொடுக்க வேண்டிய நாளை எப்படிச் சொல்வது? கடைசியில் விட்டாலும் இரட்டைப் பொருள், தலையில் வைத்தாலும் தவறு. இங்கேதான் மூன்றாவது வழி: உடைத்துவிடுங்கள், அல்லது சொல்லை மாற்றுங்கள். "த மேனேஜர் டோல்ட் மீ தட் த ரிப்போர்ட் வாஸ் டியூ ஆன் மண்டே." "டியூ" வந்ததும் திங்கட்கிழமை கெடுவாகிவிட்டது. திருடன் வாக்கியத்துக்கும் இதுவே: "த போலீஸ் சேஸ்ட் த தீஃப், ஹூ வாஸ் ரைடிங் அ மோட்டார்சைக்கிள்." தமிழின் "போன" செய்த வேலையை இங்கே "ஹூ வாஸ் ரைடிங்" செய்கிறது.

உடைப்பதை ஏன் கடைசியில் வைத்தோம் என்றால், எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் உடைக்கிறவர்களின் கடிதம் தந்தி மாதிரி ஆகிவிடுகிறது.

நகர்த்தும்போது ஒரு வேலியைத் தாண்டக் கூடாது: வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே சொற்றொடரைச் செருகாதீர்கள். "ஐ லைக் வெரி மச் தோசா" என்று எழுதினால் தவறு. "ஐ லைக் தோசா வெரி மச்" என்பதே ஆங்கிலம். செயப்படுபொருள் ஒன்றரை வரி நீளம் என்றால் மட்டும் இந்த வேலி தளரும்.

இரண்டு பக்கமும் பார்க்கும் சொல் ஒன்று உண்டு, அதைத் தனியாகத் தேடுங்கள். "ஸ்டூடண்ட்ஸ் ஹூ பிராக்டிஸ் ஆஃபன் ஸ்கோர் வெல்." அடிக்கடி பயிற்சி செய்பவர்களா, அடிக்கடி நல்ல மதிப்பெண் எடுப்பவர்களா? இரண்டு வினைகளுக்கு நடுவே வினையடை நின்றால் அது இருபக்கத் திண்ணை. அடிக்கடி பயிற்சி என்றால் "ஹூ ஆஃபன் பிராக்டிஸ்" என்று முன்னுக்குத் தள்ளுங்கள். அடிக்கடி நல்ல மதிப்பெண் என்றால் கடைசிக்கு: "ஸ்கோர் வெல் ஆஃபன்" என்று.

5. "ஒன்லி", "ஆல்மோஸ்ட்", "நாட்": சின்னச் சொல், பெரிய சேதம்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இதுதான். நீளமான சொற்றொடர் இடம் மாறினால் கண்ணுக்காவது தெரியும். இவை ஒற்றைச் சொற்கள், கண்ணில் படாமல் நழுவிவிடும்.

ஒரே வாக்கியத்தில் "ஒன்லி"யை நகர்த்திப் பாருங்கள்.

"ஒன்லி ஷீ லெண்ட் ஹிம் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்": அவள் மட்டும்தான் கொடுத்தாள், வேறு யாரும் கொடுக்கவில்லை.

"ஷீ ஒன்லி லெண்ட் ஹிம் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்": கடனாகத்தான் கொடுத்தாள், சும்மா கொடுக்கவில்லை. ஆனால் ஐநூறுதான் கொடுத்தாள் என்றும் பலர் படிப்பார்கள்.

"ஷீ லெண்ட் ஒன்லி ஹிம் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்": அவனுக்கு மட்டும்.

"ஷீ லெண்ட் ஹிம் ஒன்லி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்": ஐநூறு மட்டும், அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது வரிதான் தொல்லை. பேச்சில் ஆங்கிலேயர்களே "ஒன்லி"யை வினைக்கு முன்னால் போட்டுவிட்டு, எதை வரையறுக்கிறார்களோ அந்தச் சொல்லைக் குரலில் அழுத்துவார்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும். எழுத்தில் குரல் கிடையாது. எனவே எழுதும்போது, வரையறுக்கும் சொல்லுக்கு நேர் முன்னால் வையுங்கள். தமிழில் "மட்டும்" சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் "ஒன்லி" முன்னால் ஒட்டும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி "தான்". "அவர் ஆபீஸ்ல தான் இருக்கார்" என்பதை "ஹீ இஸ் இன் த ஆஃபீஸ் ஒன்லி" என்று எழுதுகிறோம். இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரர் படித்தால் "மட்டும்" என்று எடுத்து, வேறெங்கே இருக்க முடியும் என்று விழிப்பார். நம் "தான்" அழுத்தம், அவர்களுடைய "ஒன்லி" வரையறை. இரண்டும் வேறு. நம் "தான்" இருந்த இடத்தில் "ஒன்லி" வேண்டாம், "ஹீ இஸ் இன் த ஆஃபீஸ்" என்றாலே போதும்.

"ஆல்மோஸ்ட்", "நியர்லி", "ஈவன்", "ஜஸ்ட்" எல்லாம் இதே குடும்பம். "ஐ ஆல்மோஸ்ட் ஃபெயில்ட் ஆல் த பேப்பர்ஸ்" என்றவர் எதிலும் தோற்கவில்லை என்று படிக்கலாம், தோற்கும் நிலைக்குப் போய்த் தப்பினார். "ஐ ஃபெயில்ட் ஆல்மோஸ்ட் ஆல் த பேப்பர்ஸ்" என்றவர் அநேகமாக எல்லாவற்றிலும் அவுட்.

"நாட்" இரண்டு வகையில் கெடுக்கும். முதல் வகை: "ஆல் அப்ளிகண்ட்ஸ் ஆர் நாட் எலிஜிபிள்." யாருக்குமே தகுதி இல்லை என்பதா, எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு உண்டு என்பதா? அறிவிப்புப் பலகையில் இப்படி எழுதினால் தகுதி உள்ளவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள். சிலருக்கு உண்டு என்றால் "நாட் ஆல் அப்ளிகண்ட்ஸ் ஆர் எலிஜிபிள்". ஒருவருக்கும் இல்லை என்றால் "நோ அப்ளிகண்ட் இஸ் எலிஜிபிள்".

இரண்டாம் வகை, "நாட்" ஒரு பக்கமும் "பிகாஸ்" ஒரு பக்கமும் நிற்பது. "ஹீ டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஆஃப் த சேலரி." அவர் வேலையை விட்டாரா, விடவில்லையா? சம்பளத்துக்காக விடாமல் இருந்தார் என்றும் படிக்கலாம், விட்டார் ஆனால் காரணம் சம்பளம் அல்ல என்றும் படிக்கலாம். ஒன்றுக்கொன்று நேர் எதிர். விடவில்லை என்றால் காரணத்தைத் தலைக்குக் கொண்டுபோங்கள்: "பிகாஸ் ஆஃப் த சேலரி, ஹீ டிட் நாட் ரிசைன்." விட்டார் என்றால் உடையுங்கள்: "ஹீ ரிசைன்ட், பட் நாட் பிகாஸ் ஆஃப் த சேலரி."

வினைக்கு முன்னால் வைத்த ஒரு வினையடை எவ்வளவு தூரம் பாயும் என்பது நீதிமன்றம் வரை போன விஷயம். அமெரிக்காவின் அடையாளத் திருட்டுச் சட்டம் ஒன்றில் "நோயிங்லி", அதாவது தெரிந்தே, என்ற சொல் வினைகளுக்கு முன்னால் நிற்கிறது. "இன்னொருவருடைய" என்ற சொற்றொடர் கடைசியில் வருகிறது. போலி அட்டை வைத்திருந்தவருக்கு, அதிலிருக்கும் எண் உண்மையில் வேறொருவருடையது என்பதும் தெரிந்திருக்க வேண்டுமா? 2009-இல் ஃப்ளோரஸ்-ஃபிகெரோவா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெரிந்திருக்க வேண்டும் என்றது. "தெரிந்தே" கடைசிச் சொற்றொடர் வரை பாய்கிறது என்று பொருள். அந்தச் சட்டப்படி கூடுதல் தண்டனை 2 ஆண்டு. ஒரு சொல் எதுவரை எட்டுகிறது என்பதில் அது தொங்கியது.

6. காற்புள்ளியும் பட்டியலும்

இடமெல்லாம் சரியான பிறகு காற்புள்ளிக்கு வாருங்கள்.

"த எம்ப்ளாயீஸ் ஹூ ஜாயின்ட் இன் 2020 வில் கெட் அ போனஸ்" என்றால் 2020-இல் சேர்ந்தவர்களுக்கு மட்டும் போனஸ். "எம்ப்ளாயீஸ்" பின்னாலும் "2020" பின்னாலும் ஒவ்வொரு காற்புள்ளி போட்டால் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் போனஸ், எல்லாரும் 2020-இல் சேர்ந்தவர்கள் என்பது போகிற போக்கில் சொன்ன தகவல். தமிழில் "2020-இல் சேர்ந்த ஊழியர்கள்" என்று இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். இந்த வேறுபாட்டைக் காட்டும் பழக்கம் நம் கைக்கு இல்லை என்பதால், "ஹூ", "விச்" வரும் இடமெல்லாம் நின்று கேளுங்கள்: இந்தத் துண்டை எடுத்துவிட்டால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மாறுமா? மாறும் என்றால் காற்புள்ளி வேண்டாம். மாறாது என்றால் இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பட்டியலில் முதல் சொல்லுக்கு முன்னால் வரும் அடை எதுவரை? "ஃப்ரீ லஞ்ச் அண்ட் டிரான்ஸ்போர்ட்" என்ற வேலை விளம்பரத்தில் வண்டியும் இலவசமா? இல்லை என்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: "டிரான்ஸ்போர்ட் அண்ட் ஃப்ரீ லஞ்ச்". இலவசம்தான் என்றால் "ஃப்ரீ" இரண்டு முறை வரட்டும். ஒரு சொல்லை மிச்சப்படுத்தப் போய்ச் சண்டை வாங்க வேண்டாம்.

பட்டியலின் கடைசியில் தொங்கும் சொற்றொடர் இதைவிடச் சிக்கல். 1991-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி டயலர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் எண்களைச் "சேமிக்க அல்லது உருவாக்க" வல்ல கருவி என்கிறது. பிறகு ஒரு காற்புள்ளி. அதற்குப் பிறகு "எந்த ஒழுங்கும் இல்லாமலோ வரிசையாகவோ எண் உருவாக்கும் பொறியைப் பயன்படுத்தி" என்ற பொருளில் ஒரு சொற்றொடர். இது உருவாக்குவதை மட்டும் பிடிக்கிறதா, சேமிப்பதையும் பிடிக்கிறதா? உருவாக்குவதை மட்டும் என்றால், எண்களைச் சேமித்துவைத்து அழைக்கும் கருவிகள் ஏராளமாகச் சட்டத்துக்குள் வந்துவிடும். 2021-இல் ஃபேஸ்புக் எதிர் டுகிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, இரண்டு வினைகளையும் பிடிக்கிறது என்றது. சொற்றொடருக்கு முன்னால் காற்புள்ளி இருந்ததும் ஒரு காரணம். காற்புள்ளி இல்லாவிட்டால் கடைசிச் சொல்லோடு மட்டும் ஒட்டும், இருந்தால் பட்டியல் முழுவதற்கும் பரவும் என்பது ஆங்கிலச் சட்ட எழுத்தில் பொதுவான ஊகம்.

ஊகம்தான். கனடாவில் ரோஜர்ஸ், அலையண்ட் என்ற இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இடையே கம்பம் பயன்படுத்த 2002-இல் போட்ட ஒப்பந்தம் இதற்குச் சாட்சி. 5 ஆண்டு நடக்கும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீளும், ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து முடித்தாலொழிய, என்று வாக்கியம். கடைசித் துண்டுக்கு முன்னால் காற்புள்ளி. முதல் 5 ஆண்டுக்குள்ளேயே முறிக்கலாமா? 2006-இல் கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்காணையம் காற்புள்ளியைக் காட்டி, முறிக்கலாம் என்றது. 2007-இல் அதே ஆணையம் ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டது. பிரெஞ்சில் அந்த இரட்டைப் பொருளுக்கு இடமில்லை.

ஒப்பந்தம், விதிமுறை, டெண்டர் எழுதுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கடைசியில் தொங்கும் நிபந்தனையைக் காற்புள்ளியை நம்பி விடாதீர்கள். அது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் தலைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றுக்கு மட்டும் என்றால் அந்த ஒன்றை எண் போட்டுத் தனி வரியாக்குங்கள்.

7. "பீயிங்", "ஹேவிங்" என்று தொடங்கும் வாக்கியங்கள்

மனு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே.

"பீயிங் அ விடோ, த கவர்ன்மெண்ட் ஷுட் கிராண்ட் மீ அ பென்ஷன்."

விதவை யார்? வாக்கியப்படி அரசாங்கம். ஆங்கிலத்தில் "பீயிங்", "ஹேவிங்", "வாக்கிங்" என்று தொடங்கும் துண்டுக்குத் தனியாக எழுவாய் இல்லை. காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எழுவாயைத்தான் கடன் வாங்கிக்கொள்ளும்.

இது நமக்குப் புது விதியே இல்லை. செய்து, செய்யூ, செய்பு என்ற வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும், அதாவது எச்சத்துக்கும் முடிக்கும் வினைக்கும் செய்பவர் ஒருவரே என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. "பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து மழை பிடித்துக்கொண்டது" என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார், "நடந்து போகும்போது" என்றுதான் சொல்வார். ஆனால் அதையே ஆங்கிலத்தில் "வாக்கிங் டு த பஸ் ஸ்டாண்ட், த ரெயின் ஸ்டார்டெட்" என்று கூசாமல் எழுதுகிறோம். மழை நடந்து போயிருக்கிறது.

ஒரு விதிவிலக்கும் நம்மை ஏமாற்றுகிறது. "மழை பெய்து குளம் நிறைந்தது" தமிழில் செல்லும். மழை பெய்யக் குளம் நிறைந்தது என்பதன் திரிபாக அதை இலக்கணக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சலுகையை ஆங்கிலத்திடம் எதிர்பார்க்காதீர்கள். "ரெயினிங் ஹெவிலி, த டேங்க் ஃபில்ட்" என்றால் குளம்தான் பெய்தது.

செய்ய வேண்டிய சோதனை எளிது. தொடக்கத் துண்டைத் தமிழில் "செய்து" என்று மாற்றி, பின் வரும் எழுவாயோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நாக்கு இடறினால் ஆங்கிலமும் தப்பு. திருத்தம்: துண்டுக்குச் சொந்தமாக ஓர் எழுவாய் கொடுங்கள். "ஆஸ் ஐ ஆம் அ விடோ, ஐ ரிக்வெஸ்ட் த கவர்ன்மெண்ட் டு கிராண்ட் மீ அ பென்ஷன்."

அலுவலகக் கடிதத்தில் இதன் தம்பி: "ஹேவிங் கம்ப்ளீட்டட் ஆல் த ஃபார்மாலிட்டீஸ், கைண்ட்லி ரிலீஸ் த பேமெண்ட்." பின்னால் வருவது ஏவல் வினை, அதன் எழுவாய் மறைந்திருக்கும் "நீங்கள்". சடங்கெல்லாம் முடித்தது பணம் கொடுக்க வேண்டியவர் என்று ஆகிவிட்டது. "வீ ஹேவ் கம்ப்ளீட்டட் ஆல் த ஃபார்மாலிட்டீஸ். கைண்ட்லி ரிலீஸ் த பேமெண்ட்." இரண்டு வாக்கியம், முடிந்தது.

"கன்சிடரிங்", "ரிகார்டிங்", "அக்கார்டிங் டு" மூன்றையும் இந்தச் சோதனையில் போடாதீர்கள். அவை முன்னிடைச்சொல்லாகவே உறைந்துவிட்டவை, எழுவாய் கேட்காது.

8. தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள்

முதல் படியில் எழுதி வைத்த தமிழ் வரியை மூடி வையுங்கள். திருத்திய ஆங்கில வாக்கியத்தை மட்டும் பார்த்து, அது சொல்வதைத் தமிழில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். எழுதும்போது எந்த உருபு போடுவது, பெயரெச்சமா வினையெச்சமா என்று பேனா நின்றால், அந்த இடத்தில் ஆங்கிலம் இரண்டு பக்கமும் ஆடுகிறது. இந்தச் சோதனை வேலை செய்யக் காரணம், உருபைத் தேர்ந்தெடுக்காமல் தமிழில் பெரும்பாலும் எழுத முடியாது. கிழமை, தேதி போன்ற காலப் பெயர்கள் இதற்கு முக்கியமான விலக்கு. "திங்கட்கிழமை அறிக்கை தரச் சொன்னார்" என்பது தமிழிலும் ஆடும் வாக்கியம்தான். எனவே நாள், நேரம் வரும் வாக்கியங்களைத் தனியாக இன்னொரு முறை பாருங்கள்.

எழுதிய அன்றே இதைச் செய்யாமல் மறுநாள் செய்தால் நல்லது. அவசரம் என்றால் விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து "யார், எப்போது, எதை" என்று மட்டும் கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். புரிகிறது என்றுதான் சொல்வார், எந்தப் பொருள் புரிந்தது என்று சொல்லமாட்டார்.

9. எதைத் தொட வேண்டாம்

இந்தக் கண் ஒரு தடவை திறந்துவிட்டால் எல்லா வாக்கியமும் இரட்டைப் பொருளாகத் தெரியும். அதுவும் ஒரு வியாதி. "வீ மெட் அட் அ ஹோட்டல் இன் திருச்சி" என்பதில் திருச்சி ஹோட்டலைப் பிடிக்கிறதா, சந்தித்ததைப் பிடிக்கிறதா? எதைப் பிடித்தாலும் சந்திப்பு நடந்தது திருச்சியில்தான். இரண்டு வாசிப்பும் ஒரே இடத்தில் போய் நிற்கும்போது விட்டுவிடுங்கள். "ஹீ ஏட் இட்லி வித் சட்னி" என்று எழுதினால் சட்னியைக் கரண்டியாக வைத்துச் சாப்பிட்டார் என்று யாரும் படிக்கப்போவதில்லை.

பணம், நாள், யார் பொறுப்பு, யாருக்குத் தகுதி. இந்த நான்கில் ஒன்று வரும் வாக்கியங்களுக்கு எட்டுப் படியையும் முழுதாகச் செய்யுங்கள். மற்றவற்றுக்கு மூன்றாம் படியின் அம்புக்குறியே போதும்.